முன்னபின்ன எவ்வளவு?

அந்த எடை மெஷின் மருத்துவமனையை விட்டு வெளியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு. முன்னால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமா. பின்னால், முத்திரை குத்தும் குறடைக் கைப்பைக்குள் போட்டு மூடியபடி அக்கா. காத்திருந்த பதினோரு பெண்களும் பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். கடைத்தெருவில் அவளுக்குத் தராசு மேடம் என்று பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரையும் தப்பாக இருந்தால் சிவப்புச் சீட்டும் போடுவது அவள் உத்தியோகம். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் அப்போது அவள் வீட்டு சோபாவில் குடியிருந்தேன். வாசலிலேயே என் பெட்டியை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். "இருபத்திமூணு கிலோன்னு சொன்ன? நானூறு கிராம் கூட இருக்குடீ."

எந்த எண்ணைச் சொன்னாலும் அவளிடம் ஒரே கேள்விதான்: "முன்னபின்ன எவ்வளவு?" பஸ் எட்டு மணிக்கு வரும் என்றால் கேட்பாள். காய்ச்சல் நூற்றியொன்று என்றால் கேட்பாள். முதன்முதலில் மாமா தன் வயது முப்பத்துநாலு என்று சொன்னபோதும் கேட்டாளாம். "மூணு மாசம் கூட" என்று அவர் ஒப்புக்கொண்டதற்காகவே கட்டிக்கொண்டாளாம்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகிய கால். அக்கா வெளியிடத்தில் வாயைத் திறந்தால் அவர் வலது பாதம் தானாகத் தரையை அழுத்தும். இதுவரை ஒருமுறைகூட அவள் நின்றதில்லை.

ஊரையே அளக்கிறவளுக்குத் தன் உடம்பு மட்டும் கணக்கில் அடங்கவில்லை. முப்பத்தாறு வயது, நான்கு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி. பிசிஓஎஸ் என்றார் டாக்டரம்மா. கருமுட்டை வளரத் தொடங்கி, முதிராமல் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம். மாதவிடாய் எப்போதாவது எட்டிப் பார்க்கும். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றதுக்குப் பேரு மாதவிடாயாடீ? காலாண்டுப் பரீட்சை" என்பாள். உறவுக்காரப் பெண்மணிகள் போனில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று இழுத்தால், "உண்டே! நாலாம் தெரு கறிக்கடைத் தராசுல நாப்பது கிராம் அடிக்கிறான்" என்பாள். போனை வைத்தபின் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்துநாலு கிலோவிலிருந்து நாலு கிலோ குறைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அதற்குப் பிறகுதான் மாத்திரை. ஐந்து மாதம் நடந்தாள். மழை நாட்களில் என் சோபாவைச் சுற்றி நடந்தாள். தூக்கத்தில் கண் விழிக்கும்போதெல்லாம் ஏதாவதொரு திசையில் போய்க்கொண்டிருப்பாள். அதுவரை ஏறப் பயந்திருந்த அலுவலக மேடைத் தராசில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எழுபத்தொன்பதரை. மாமாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, ஆபீஸ் வண்டியிலேயே நேராக மருத்துவமனைக்கு வந்தாள்.

"எண்பத்தொண்ணு" என்றாள் நர்ஸ்.

"முன்னபின்ன எவ்வளவு?"

"என்னது?"

மாமாவின் கால் தரையை அழுத்தியது.

"ஏங்க, வண்டியில கல்லு இருக்கு. எடுத்துட்டு வாங்க."

இருபது கிலோ இரும்புக்கல் நான்கு. மாமா இரண்டு மாடி, இரண்டு நடை ஏறி இறங்கினார். நான்கையும் மெஷின்மேல் அடுக்கினாள். எண்பத்தொன்றரை என்றது மெஷின்.

"பாத்தீங்களா, ஒன்றரை கிலோ கூடக் காட்டுது! எத்தனை பேர் சோத்துல மண்ணப் போட்டிருக்கு இது!"

"நான் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன் மேடம்!" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள்.

சிவப்புச் சீட்டைக் கம்பியில் கோத்துக் கட்டி, குறடால் ஈயத்தை நசுக்கினாள். படிவத்தில் புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயர். புகாரை விசாரித்தவர் என்ற இடத்திலும் தன் பெயர். மெஷின் வண்டிக்குப் போனது. அவள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடை எழுதாத ஃபைல் உள்ள போகாது மேடம்" என்றாள் நர்ஸ்.

"எழுதும்மா."

"எதுல பாத்து?"

பதினோரு பெண்களும் இப்போது வேறு மாதிரிப் பார்த்தார்கள். "லீவு போட்டுட்டு வந்திருக்கேங்க" என்றது ஒரு குரல்.

கடைசியில் வண்டியில் இருந்த சோதனைத் தராசைத் தெருவிலேயே இறக்கிவைத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக மாடியிறங்கி வந்து ஏறி நின்றார்கள். எடையை அவரவர் காதில் மட்டும் சொல்லி, சீட்டில் எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தாள். எட்டிப் பார்த்த மருந்துக்கடைக்காரரிடம், "உங்க தராசுக்கு முத்திரை போட்டாச்சா?" என்றாள். அவர் உள்ளே போய்விட்டார்.

கடைசியாக அவளே ஏறினாள். எழுபத்தொன்பதரை. சிரித்தாள். எழுத ஆரம்பித்த பேனா பாதியில் நின்றது.

"ஏய், மொத நாள் எடை பாத்ததும் அதே மெஷின்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப அன்னைக்கும் ஒன்றரை கூடத்தான் காட்டியிருக்கும். நான் எண்பத்திரெண்டரைதான் இருந்திருப்பேன். மூணுதான்டீ குறைஞ்சிருக்கு."

அவள் கைதுசெய்த மெஷின் சொன்னதும் அதேதான்: எண்பத்துநாலு, எண்பத்தொன்று. மூன்று.

"விடும்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மாமா.

"எனக்குத் தெரியுமே."

உள்ளே போய் எல்லாவற்றையும் அவளே டாக்டரம்மாவிடம் சொன்னாள். இன்னும் ஐந்து மாதம் நடக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து, சொல்லும்போதே முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மூணு போதும்மா. ஒரு கிலோவுக்காக உங்களை இன்னும் காக்க வெச்சா, என் ஸ்டெதாஸ்கோப்பையும் தூக்கிட்டுப் போயிடுவீங்க." மாதவிடாயை வரவழைக்க ஒரு மாத்திரையும் முட்டை வளர இன்னொன்றும் எழுதித் தந்தார்.

மாமாவுக்கும் பரிசோதனை எழுதியிருந்தார். விந்தணுக்கள் நாலு கோடி என்று முடிவு வந்தது. "எண்ணினது யாரு? முன்னபின்ன எவ்வளவு?" என்றாள் கூட்டத்தின் நடுவே. மாமா இரண்டு கால்களாலும் தரையை அழுத்தினார்.

முதல் மாதம் முட்டை ஒன்பது மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டது. மருந்தைக் கூட்டினார்கள். அடுத்த மாதம் ஸ்கேன் எடுக்கும் பெண், "பத்தொம்பது! நல்லா வளந்திருக்கு" என்றாள். கேள்வி வந்தது. "ஒரு மில்லிமீட்டர் இருக்கும் மேடம்." அதையும் குறித்துக்கொண்டாள். இருபத்தொன்பதாம் நாள் மாதவிடாய் வந்தது.

அன்று சாயங்காலம் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து இரும்புக்கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் பிசுக்குக்கும் எடை உண்டு என்பாள். ஒரே கல்லை வெகுநேரம் துடைத்தாள். "இத்தனை வருஷமா வரலைன்னு அழுதேன். இப்ப நாள் தவறாம வருதேன்னு அழறேன். சிரிச்சுத் தொலையேன்டீ" என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். துணி நிற்கவில்லை.

மூன்றாம் மாத மாத்திரை தொடங்குமுன் எனக்கு மறுபடி ஊர் சுற்றக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. பெட்டியை நிறுத்து, இருபத்தொன்று அறுநூறு என்று சீட்டு ஒட்டி வழியனுப்பினாள். அதன்பிறகு போனில் அவள் தராசுக் கதைகளை மட்டுமே சொன்னாள். நானும் விசேஷம் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு படகுத்துறையில், நேரத்துக்கு வராத படகுக்காக நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கேன் படம். நடுவில் அரிசிமணி அளவுக்கு ஒரு வெளிச்சம். அடியில் எழுதியிருந்தாள்:

"ஆறு மில்லிமீட்டர். துடிப்பு இருக்கு. முன்னபின்ன எவ்வளவுன்னு நான் கேக்கல."