முரியல் வழிதவறிய இடங்கள்

எங்கள் மலையோரக் கிராமமான தார்ன்பெக்குக்கு விடுமுறையில் நடக்க வருகிறவர்களோடு வழிகாட்டி என்று யாரும் வருவதில்லை. பெட்டிகளை வேன் அடுத்த ஊர் விடுதிக்குக் கொண்டுபோய்விடும். இவர்கள் கையில் ஒரு வரைபடத்தையும் குறிப்புப் புத்தகத்தையும் கொடுத்து, இனி உங்கள் பாடு என்று மேட்டில் விட்டுவிடுவார்கள். இதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள். நான் குறை சொல்லமாட்டேன். சாயங்காலம் நனைந்த கோழியாக என் விடுதிக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

அந்தக் குறிப்புகளை எழுதுகிறவர் நெவில் ஹெப்பிள். நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள். வருஷக்கணக்காக என் பாரில் பீர் குடிக்கிறார். "வழக்கம்போல ஒண்ணு, ஐவி" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியதாக நினைவில்லை. ஆனால் எழுத்தில் வேறு மனிதர். 'வலதுபுறம் அழகான பச்சைக் கதவு தெரியும். அதைத் திறக்காதீர்கள்.' 'ஓடையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிவதுபோல் தோன்றும். பிரியவில்லை. அது ஆடுகள் போட்ட தடம்.' நான் எங்கே தப்பு செய்வேன் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று நடக்க வருகிறவர்கள் வியந்துபோவார்கள்.

முரியலால் தெரியும். முரியல் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்தவள். நெவில் முதலில் தாளில் வழியை எழுதி அவள் கையில் கொடுப்பார். அவள் படித்துக்கொண்டே முன்னால் போவாள். அவர் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வாய் திறக்காமல் வருவார். அவள் தப்பாகத் திரும்பினால் மட்டும், "முரியல், அந்தப் பக்கம் இல்ல" என்பார். அங்கேயே நின்று ஏன் திரும்பினாள், எதைப் பார்த்து ஏமாந்தாள் என்று விசாரிப்பார். பிறகு குறிப்பில் ஒரு வரி ஏறும். முரியல் ஏமாந்த இடத்தில் உலகத்தில் வேறு யாரும் ஏமாறக் கூடாது என்பது அவர் கொள்கை.

முரியலும் வஞ்சனை இல்லாமல் ஏமாந்தாள். ஒரு முறை பாதிரியார் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து அவர் மனைவியோடு தேநீர் குடித்துவிட்டு வந்தாள். இன்னொரு முறை பண்ணை முற்றத்தில் புகுந்து முட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ஊருக்கே அவள்தான் கேலிப்பொருள். மேட்டுப் பண்ணை வில்ஃப், அவள் பாரில் எழுந்து நின்றாலே ஆரம்பித்துவிடுவான்.

"முரியல் கண்ணு, கழிப்பறை அந்தப் பக்கம். தொலஞ்சிட்டா கத்து, நாய அனுப்புறேன்."

"நாய் வழிதவறிடும் வில்ஃப், அது உன்னோட நாயாச்சே" என்பாள் அவள். சிரித்துக்கொண்டேதான்.

அந்த அக்டோபரில் ஹாக்ரிக் மேட்டின் மேல் ஒரு புதுப் பாதைக்காக இருவரும் போயிருந்தார்கள். மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கிவிட்டது. பாரில் கூட்டம். சூப்பில் கிரீம் இருக்கிறதா, ரொட்டியில் எள் இருக்கிறதா என்று ஒரு தம்பதி என்னைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கடைசியில் முரியல் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. நான் தலையசைத்தேன், அவளும் தலையசைத்தாள். வரிசை நகர்ந்தது. இருந்த ஒரே கேக்கைப் பாதியாக வெட்டி இரண்டு தட்டில் கொடுத்தேன். அவள் முறை வந்தது.

"தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ ஐவி. நெவில் மேட்டு மேல வழுக்கி விழுந்து கிடக்கான். கால் எலும்பு வெளிய தெரியுது."

வரிசையில் நிற்காமல் வந்த உடனேயே அவள் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சூப் கேட்டவர்கள் அவளுக்கு முன்னால் வந்தவர்கள் ஆயிற்றே. எங்கள் ஊரில் செத்தாலும் முறைப்படிதான். கேக்கை நிதானமாக வெட்டிய என் கையை வெட்டினால் தேவலை என்றிருந்தது.

மேட்டில் போன் எடுக்காது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். அந்தக் குளிரில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் நெவில் இருக்கமாட்டார், இது எல்லோருக்கும் தெரியும். மீட்புக் குழுவுக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் வந்துசேர நேரமாகும். வில்ஃப் டிராக்டரைக் கிளப்பினான். ஆடு ஏற்றுகிற டிரெய்லரில் நானும் முரியலும் கம்பளிகளோடு ஏறினோம்.

"எங்க கிடக்காரு?" என்றான் வில்ஃப்.

"பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிழக்கால."

வில்ஃப் என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ஐவி, இவ கிழக்குன்னா நாம மேற்கால போறதுதான் நல்லது."

முரியலுக்குக் கேட்டுவிட்டது. நான் அதுவரை அவளிடம் கேட்டிராத குரலில் சொன்னாள்.

"வில்ஃப், வாய மூடிக்கிட்டு ஓட்டு. ரெண்டாவது ஆட்டுப்பட்டிகிட்ட எடது. அங்க சுவர் இடிஞ்சிருக்கும், அது வழியா ஏறு. ஓடைய ஒட்டிப் போகாத, சேறு வண்டிய முழுங்கிடும்."

என் கையே எனக்குத் தெரியாத பனி. பட்டி வந்தது. இடிந்த சுவர் வந்தது. காளவாய் வந்தது. அதற்குக் கிழக்கே, முரியலின் மேல்கோட்டையும் போர்த்திக்கொண்டு, முகம் நீலம் பாரித்து நெவில் கிடந்தார். உயிர் இருந்தது.

டிரெய்லரில் அவர் தலையை முரியல் மடியில் வைத்துக்கொண்டாள்.  பாதி தூரம் வந்ததும் நெவில்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"தனியா எறங்கிப் போயிருக்க. இந்தப் பனில."

"ஆமா."

"கையில தாள்கூட இல்ல."

"தாள் எதுக்கு? இந்த மேட்ல எனக்கு எல்லா வழியும் தெரியும்."

நெவில் நெடுநேரம் யோசித்தார். அளவைக்காரர் அல்லவா, கணக்கு இடித்திருக்க வேண்டும். "அப்ப இத்தன வருஷமா..."

"தப்பான பக்கம் திரும்பினாத்தான் நெவில் நீ எங்கூட பேசுவ" என்றாள் முரியல். "சரியா போனா, காலைலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் உன் பூட்ஸ் சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

அவள் அழவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள்.  வில்ஃப் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். பாதிரியார் வீட்டுத் தேநீரும் பண்ணை முட்டையும் வரிசையாக என் நினைவில் வந்து போயின. ஊர் சிரித்த சிரிப்பையெல்லாம் ஒரு பெண் நாலு வார்த்தைக்கு விலையாகக் கொடுத்திருக்கிறாள்.  நெவில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். பிடியை ஆஸ்பத்திரியில்தான் விட்டாராம்.

வசந்தத்தில் அந்தப் பாதையை முடிக்க மறுபடி வந்தார்கள். பாதை என் விடுதிக் கொல்லையில்தான் தொடங்குகிறது. முரியல் தாளோடு முன்னால் போனாள். இப்போது தப்பாகத் திரும்புவதில் அர்த்தமில்லை என்பதால் நேராகப் போனாள். நெவில் கைத்தடியோடு பின்னால்.

"முரியல்" என்றார்.

அவள் நின்றாள். "என்ன, தப்பாவா போறேன்?"

"இல்ல. சரியாத்தான் போற." கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார். "சும்மா கூப்பிட்டேன். நில்லு, சேந்து போலாம்."

இரண்டு பேர் நடக்கிற அகலம் அந்தப் பாதைக்குக் கிடையாது. இருந்தும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள்.

புதுக் குறிப்பு கோடையில் அச்சாகி வந்தது. படு மோசம். பாதிப் பேர் காளவாய் பக்கம் வழிதவறிச் சேற்றில் இறங்கிவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் இடுப்புவரை நனைந்து வந்து புத்தகத்தை என் மேசைமேல் அடித்தார்.

"இத எழுதின ஆளு வழியப் பாத்தே நடக்கல, மேடம்!"

"ஆமாங்க" என்றேன். "பொண்டாட்டிகூட பேசிக்கிட்டே நடந்தாரு."