மண்சரிவில் நின்ற தேயிலை

முதலாளி பிளேன்டீயை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டுக்கு நாங்கள் அனுப்பும் முதல் தேயிலை, கொழும்புக்குப் போகும் வழியில் கித்துல்கலைக்குக் கிட்டே மண்சரிவில் மாட்டி நின்றது. மூட்டைகளை மூடியிருந்த படங்கு கிழிந்துவிட்டதென்று டிரைவர் போன் பண்ணியிருந்தார். மறுநாள் கப்பல்.

"என்னத்துக்குப் புள்ள பதறுறீங்க? லொறியில ஏத்தியாச்சு. இனி அது வாங்கினவங்க சரக்கு," என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய வாப்பா காலத்திலிருந்தே ஹட்டனில் கொழுந்து வாங்கி விற்கிற குடும்பம். இங்கே கொழுந்தை நிறுத்து லொறியில் ஏற்றிவிட்டால் சிறுதோட்டக்காரர் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்புறம் அது வாடினாலும் வழியில் கொட்டினாலும் வாங்கினவர் பாடு. அந்தப் பழக்கத்தை மனிதர் கொழும்புத் துறைமுகம் வரைக்கும் நீட்டிவிட்டார். லொறிப் பயணத்துக்கு இன்சூரன்ஸும் போடவில்லை.

"முதலாளி, நாம எஃப்.ஓ.பி.ல வித்திருக்கோம். கப்பல்ல ஏத்துற வரைக்கும் செலவு, நட்டம் எல்லாம் நம்ம தலையிலதாங்க. ஏறின பெறகுதான் அவங்க பொறுப்பு."

கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்ததையெல்லாம் இந்த ஒரு லோடில்தான் போட்டிருந்தார். அது போனால் கடையும் இல்லை, என் வேலையும் இல்லை.

உடனே டிரைவரை அழைத்து, கப்பலில் ஏறும்வரை சரக்கு நம்முடையது, பத்திரம் என்று படபடத்தார். அதுவே வினையாகிவிட்டது.

மழை விடுகிற பாடில்லை. சாயங்காலம் டிரைவர் மறுபடி பேசினார்; முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டார். பாதையைத் திறந்துவிட்டார்களாம். ஆனால் பின்பக்கத்து மூட்டைகள் நனைந்துவிட்டனவாம்.

"வெளிய தொடச்சிட்டா தெரியாதுங்க முதலாளி. விடியறதுக்குள்ள போர்ட்டுல சேத்துருவேன். கப்பல்ல ஏறிட்டா அப்பறம் அவங்க பொறுப்புதானே?"

இங்கே நனைந்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு. ஆனால் கடல் தாண்டிப் போய்ப் பூஞ்சணம் பிடித்தால், எங்கே நனைந்ததென்று யார் கண்டது? முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். 'ஏற்று' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லித் தொலைக்கட்டுமே என்றும் இருந்தது.

"லொறியத் திருப்புங்க," என்றார்.

"முழு லோடுமாங்க?" என்றார் டிரைவர்.

"ஈரம் எதுவரைக்கும் எறங்கியிருக்கோ. இன்னும் கப்பல்ல ஏறலயே. என்ட சரக்குத்தான்."