விறகக்காவும் விரியன் பாம்பும்

எங்கள் ரொட்டிக் கடையில் எல்லாரும் அவரை விறகக்கா என்பார்கள். எனக்கு அவர் அண்ணி. கொல்லைப்புறக் கொட்டகையிலிருந்து விறகைக் கட்டாகத் தூக்கி வந்து அடுப்படியில் சேர்ப்பது அவர் வேலை. முன்பக்கம் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. ஈர விறகு வந்து இறங்கினால் அண்ணிக்குப் பொறுக்காது. "குளிச்சிட்டு நேரா இங்க வந்தியா?" என்று விறகையே திட்டுவார்.

மழை விட்டிருந்த ஒரு காலை, அடுக்கிலிருந்து கட்டை இழுக்கும்போது விரியன் ஒன்று அவர் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. கையை உதறினார். அது விழுந்து கட்டைகளுக்குள் போய்விட்டது. அண்ணி கத்தவில்லை. அடுப்படிக்கு வந்து, ரொட்டி போடுகிற மாஸ்டரிடம், "மாஸ்டர், என்னைப் பாம்பு கடிச்சிருச்சு. வண்டிக்குச் சொல்லுங்க" என்றார். ஏதோ உப்பு தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கர்த்தர் கிருபையால் பிழைத்தார். முழங்கை வரை வீங்கிய கை மெல்ல வடிந்தது. இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

ஆனால் வேலைக்குத் திரும்பிய அன்று மாஸ்டர் அடுப்பு வாசலை மறித்து நின்றார். எங்கள் சபைக்காரர்தான் அவரும். ஜெபம் செய்யாமல் மாவைத் தொட மாட்டார்.

"ஏதேன் தோட்டத்துல வந்தது யாரு? பாம்பு. அது தேடி வந்து ஒருத்தரைத் தொட்டுச்சுன்னா சும்மா இருக்காதும்மா. உள்ள ஏதோ பாவம் இருக்கு. அந்தக் கை கொண்டுவர்ற விறகுல நான் ரொட்டி போட மாட்டேன்."

"தேடி வரலண்ணே. அது தூங்கிட்டிருந்துச்சு, நான்தான் எழுப்பிவிட்டேன்" என்றார் அண்ணி.

முதலாளி தலையைச் சொறிந்தார். மாஸ்டர் போனால் கடையே இல்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா, பேச்சு அடங்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த அண்ணி அழவில்லை. "இன்னிக்கு இதுக்குச் சும்மா இருந்தா, நாளைக்கு நான் தெருவுல நடந்தாலும் குத்தம்பாங்க. வேதத்துல பாம்பு வர்ற இடமெல்லாம் எடு. எல்லாத்தையும் படி" என்றார்.

அவருக்கு எழுத்து தெரியாது. நான் ஐந்தாவது வரை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏதேன் கதை முடிந்ததும், "அங்க அது பேசியிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே. பேசுனாத்தானே ஏமாந்தேன்னு சொல்ல முடியும்?" என்றார். கோல் பாம்பானதும் மோசே விலகி ஓடினார் என்றபோது, "அவரேவா!" என்று வாயில் கைவைத்தார். உடும்பு, ஓணான், பல்லி எல்லாம் தீட்டு என்று வருகிற இடத்தையும் விடாமல் படிக்கச் சொன்னார். "நல்லதாப் போச்சு, யாரு சாப்பிடப் போறா?" என்றார்.

வனாந்தரத்தில் கொள்ளிவாய்ப் பாம்புகள் வந்த இடத்தில் எனக்கு நாக்கு தயங்கியது. ஜனங்கள் முறுமுறுத்ததால்தான் அவை வந்தன என்று எழுதியிருக்கிறது. மாஸ்டர் பக்கம் சாய்கிற பேச்சு. ஆனாலும் வேதத்தில் உள்ளதை மறைக்கலாமா? படித்துவிட்டேன்.

அண்ணி கடிபட்ட கையைப் பார்த்தார். "முறுமுறுக்காத ஆளா நான்?" என்று ஜெபிக்க முழங்கால் போட்டார். நானும் போட்டேன். எழுந்ததும், "அப்புறம்?" என்றார்.

"கர்த்தர் மோசேகிட்ட வெண்கலப் பாம்பு ஒண்ணு செஞ்சு கம்பத்துல தூக்கி வைக்கச் சொன்னாரு, அண்ணி. கடிபட்டவங்க அதைப் பாத்துப் பிழைச்சாங்க."

"பாத்தியா. தப்பே செஞ்சவங்களுக்குக்கூடப் பிழைக்கத்தான் வழி சொல்லியிருக்காரு. வெளிய நில்லுன்னு சொல்லல."

கடைசியில் பவுல் அப்போஸ்தலர் கப்பல் உடைந்து தீவில் கரையேறிய இடம். மழை, குளிர். தீ மூட்டுகிறார்கள். பவுல் விறகை வாரிப் போடும்போது விரியன் புறப்பட்டுக் கையைக் கவ்வுகிறது.

"விறகா? விறகுன்னே போட்டிருக்கா?" அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாசிக்கத் தெரியாத அந்த வரியை விரலால் தடவினார்.

தீவுக்காரர்கள் பவுலைக் கொலைபாதகன் என்று நினைத்தார்கள். அவர் செத்து விழாததைப் பார்த்ததும் தேவன் என்றே சொல்லிவிட்டார்கள். அண்ணி சிரி சிரியென்று சிரித்தார். பிறகு, "மழையும் குளிரும்னியே. அதுக்கப்புறம் அந்தத் தீக்கு விறகு போட்டது யாரு?" என்று கேட்டார்.

"அதை எழுதல அண்ணி."

"எழுதாட்டி என்ன? யாரோ போட்டிருக்கணும். இல்லன்னா அத்தனை பேரும் விறைச்சிருப்பாங்க."

மறுநாள் காலை அண்ணி கடையின் பின்வாசலில் போய் நின்றார். யாரோடும் சண்டையில்லை. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி நின்றார். உள்ளே போக விடவில்லை. அடுத்த நாளும் போய் நின்றார். அதற்குள் ஊர்ப்பேச்சு புரண்டுவிட்டது. விரியன் கடித்தும் சாகாதவள் சாதாரணப் பிறவியா என்றார்கள். காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள்.

"அக்கா, அந்தக் கையை இவன் தலையில வைங்க."

"அடி கிறுக்கி, இது விறகு தூக்குற கை. ஜெபம் வேணா சேந்து பண்ணுவோம், முடிச்சதும் டாக்டர்கிட்டப் போ" என்று அண்ணி அப்படியே செய்து அனுப்பினார்.

முதலாளி இதைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து, "முன்பக்கம் நாற்காலி போடுறேம்மா. நீ சும்மா உக்காந்தாப் போதும், ஆள் வரும்" என்றார். மாஸ்டரும் பின்னாலேயே வந்தார். "நான் அன்னிக்குத் தெரியாமப் பேசிட்டேன். உங்க கை ஆசீர்வாதமான கை" என்றார்.

"அன்னிக்குப் பாவின்னீங்க. அதுகூடப் பரவாயில்லண்ணே, அது உண்மைதான்; எல்லாரும் பாவிதான். இன்னிக்குச் சொல்றீங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு" என்றார் அண்ணி. "எனக்கு நாற்காலி வேண்டாம். என் கொட்டகையை விடுங்க."

"மறுபடி கடிச்சா?" என்றார் முதலாளி. பாம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று மற்றவர்கள் யாரும் கொட்டகைப் பக்கம் போவதில்லை. வெளியில் கிடந்த விறகும் தீர்ந்துகொண்டிருந்தது.

"சர்ப்பத்தைப் போல விவேகமா இருன்னு இயேசப்பாவே சொல்லியிருக்காரே. தரையில அடுக்காம பலகை மேல அடுக்கணும். உள்ள ஒரு விளக்கு வேணும். ரப்பர் பூட்ஸும் தடிச்ச கையுறையும் வேணும். தட்டிப் பாக்க ஒரு இரும்புக் கம்பி வேணும். பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிட்டு முதல்ல ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. அப்புறம் நான் போறேன்."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அடுப்பைப் பார்த்தார். அது தணிந்துகொண்டிருந்தது.

பாம்பு பிடிக்கிறவர் வந்து அடுக்கைக் கலைத்துப் பார்த்தார். பாம்பு உரித்த சட்டை ஒன்று கிடைத்தது, பாம்பு இல்லை. பலகை போட்டு முடித்ததும் அண்ணி பூட்ஸை மாட்டினார். கையுறைக்குள் அந்த இரண்டு விரல்கள் நுழையச் சண்டித்தனம் செய்தன. நான் இழுத்து விட்டேன். கம்பியால் அடுக்கைத் தட்டினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். மேலேயிருந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கட்டினார்.

அவர் விறகுக்கட்டோடு வருவதைப் பார்த்து மாஸ்டர் பயபக்தியோடு கைகூப்பி அடுப்பு வாசலிலேயே நின்றார்.

"கும்பிடுறதை அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே," என்றார் அண்ணி. "ஒரு கை புடிங்க, கனக்குது."

மாஸ்டர் கூப்பிய கையைப் பிரித்து, கட்டின் மறுமுனையைப் பிடித்தார்.