குரலின் மேல் விட்ட படகு

"டீச்சர், ஒங்க கூட்டாளி மௌத்தாயிட்டா" என்று கதீஜா டீச்சரின் கணவரே தொலைபேசியில் சொன்னார். போன வாரம்தான் டீச்சர் என்னைக் கேலி செய்து பேசியிருந்தார். அதற்குள் இறந்துவிட்டார் என்றதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

கோட்டுச்சேரிப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு கதீஜா டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தெரியும். எண்பதுகளில் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்து, டிவியோடு இணைத்துவிட்டுப் போனது. கூட்டல் கழித்தல் கேட்கும் புரோகிராம் ஒன்றை டீச்சரே அதில் எழுதினார். விடை சரியென்றால் திரையில் ஒரு படகு கொஞ்சம் நகரும். வகுப்பில் வாய் திறக்காத மேட்டுக் குடிசைப் பிள்ளைகள்கூட, அந்தப் படகைக் கரை சேர்க்க அடித்துக்கொள்வார்கள்.

சில வருடங்களில் உப்புக்காற்று கம்ப்யூட்டரைத் தின்றுவிட்டது. கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறுவதற்குள் சோறு வெந்துவிடும். சூடேறினால் திரை நடுங்கி நின்றுவிடும். அணைத்து ஆறவிட்டு, மறுபடி கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். நான் திட்டினால், "வயசானவங்கள வையாதீங்க டீச்சர்" என்று அதற்கு விசிறுவார்.

பிறகு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அது பிளாப்பி கேட்கும் சாதி. பழைய கேசட்டைச் சீந்தாது. பழைய திரையைப் பார்த்து நான் வாசிக்க, புதியதில் அவர் தட்டுவதென்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தோம். பழையதில் புரோகிராம் ஏறியதும் டேப் ரெக்கார்டர் கேசட்டின் நாடாவை மென்று தின்றது. பாதிகூடத் தட்டவில்லை, திரை நடுங்கத் தொடங்கியது. அது நின்றுவிட்டால், மறுபடி ஏற்றக் கேசட் இல்லை. உடனே வேறு கேசட்டில் பதியாவிட்டால் எல்லாம் போச்சு. கடையோ அடைத்திருந்தது. வீட்டில் இருந்தவை, கடிதத்துக்குப் பதிலாகக் கணவர் பேசி அனுப்பிய கேசட்டுகள் மட்டுமே. யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று, அவற்றின் முதுகிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை டீச்சரே உடைத்து வைத்திருந்தார்.

"வேணாங்க டீச்சர், போனாப் போவட்டும்" என்றேன்.

"அவுஹ இன்னமும் பேசுவாஹ. இத என்னால இன்னொருக்கா எழுத முடியாது. புள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

கடைசியாக வந்த கேசட்டை எடுத்தார். உடைந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, பதியவிட்டார். புரோகிராம் பதியும் கீச்சொலி ஓடி முடியும்வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கம்ப்யூட்டர் ஆறும்வரை காத்திருந்தபோது மெல்லச் சொல்லத் தொடங்கினார். "கதீஜா, நல்லாருக்கியா? இங்க பைப்பத் தொறந்தா வெந்நிதான் வருது. எனக்காவ நோன்புக்கஞ்சி ஒரு கோப்ப கூடக் குடி. லீவு கேட்டிருக்கேன்..." கணவர் இருமிய இடம், தயங்கிய இடம் எதையும் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அழிச்சா போயிருமா டீச்சர்?" என்றார். நான்தான் அழுதேன். அன்று மாலைக்குள் படகு புதுக் கம்ப்யூட்டரில் ஓடியது.

நேற்று துக்கம் கேட்கப் போயிருந்தேன். பேச்சு அந்தக் கேசட்டுக்கு வந்தது. "அழிச்சிட்டேன்னு அவளே சொன்னா. அதுல என்ன பேசுனேன்னு எனக்கு மறந்துபோச்சு டீச்சர்" என்றார் கணவர். எனக்குத் தெரிந்தபடி, இருமலோடு சொல்லிக் காட்டினேன். தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது நான் பேசுன மாதிரி இல்ல டீச்சர். அவ பேசுற மாதிரியே இருக்கு."

அந்த நாலு வார்த்தைதான் டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது. கணவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.