சிடி அட்டையில் என் பெயர்

டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில், எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு பாடகி இருந்தாள். கன்ட்ரி பாட்டு, அந்த நாட்டுக் கிராமத்துப் பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரும் நாயுமாக ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவள். என்னைவிட ரொம்ப மூத்தவள். இங்கே "அவர்" என்று எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது. அவள் என்றே இருக்கட்டும்.

நான் அப்போது எச்-ஃபோர். கணவருக்கு வேலை விசா, எனக்கு அவருடைய மனைவி என்ற விசா. நான் வேலை பார்க்கக் கூடாது. கோயம்புத்தூரில் புரோகிராமராக இருந்தவள், இங்கே பருப்பு வேகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மத்தியானங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். "சும்மாதான இருக்கே" என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் துணி துவைக்கும் அறையில் அவள் டிரையர் மேல் தபால் கார்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் கையால் விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் எந்தெந்த ஊரில் பாடுகிறாள் என்று ரசிகர்களுக்குச் சொல்கிற கார்டுகள். எனக்கு அந்த மாதிரி வேலையைப் பார்த்தால் கை அரிக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் அரை மணி நேர வேலை என்றேன். அன்றே விலாசங்களை ஒரு ஷூ பெட்டியில் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள்.

பிறகு அவளுக்கு ஒரு வெப்சைட் செய்தேன். ரசிகர்களுக்கு ஈமெயில் அனுப்ப ஆரம்பித்தோம். முதலில் அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அவளுக்கு அதற்குப் பொறுமை கிடையாது. கொஞ்ச நாளில், "என்ன நடந்ததுன்னு உனக்குத்தான் தெரியுமே, நீயே எழுதிடு" என்று விட்டுவிட்டாள். அப்படித்தான் நான் டெக்சாஸ்காரி ஆனேன். "ஹௌடி" என்று தொடங்கி, புதுப் பாட்டு எப்படிப் பிறந்தது, ஆலங்கட்டி மழையில் வேன் கண்ணாடி எப்படி உடைந்தது என்றெல்லாம் அவள் குரலில் எழுதினேன். நாய் என்றால் எனக்குக் குலை நடுங்கும். ஆனால் அவள் நாயைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஓக்லஹோமாவிலிருந்து ஒருவர் அதற்கு பிஸ்கட் அனுப்பினார். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதுகிறாய் என்று ஒரு பெண் பதில் போட்டாள். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வசந்த காலத்தில் அவளுடைய புது சிடி தயாரானது. எங்களுக்கும் கிரீன் கார்டு இன்டர்வ்யூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அடுத்த மாதம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று யார் கண்டது?

ஒரு வியாழக்கிழமை அவள் வேனில் கிளம்பும்போது ஒரு கவரை என் கையில் திணித்து, சர்ப்ரைஸ் என்றாள். சிடி அட்டையின் மாதிரி. திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகிறதாம். மாடிக்கு வந்து பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், டிரம்ஸ் வாசித்தவர், படம் எடுத்தவர் எல்லோருக்கும் மேலே, "மேனேஜர்" என்று போட்டு என் பெயர். இனிஷியலோடு, ஓர் எழுத்துப் பிசகாமல். எங்கள் தபால் பெட்டியைப் பார்த்து எழுதியிருப்பாள்.

ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் கணவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"மேனேஜர்னா வேலைதானே? ஆபீசர் இதை எடுத்து வெச்சுட்டு கேட்டா, சம்பளம் வாங்கலைன்னு எப்படி ப்ரூவ் பண்ணுவ?"

"ஏங்க, ஒரு சிடி அட்டையை எவன் பார்க்கப் போறான்?"

"பார்த்துட்டா? நாம ரெண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கு அவர்மேல் கோபம், அவள்மேல் கோபம், அந்தச் சட்டத்தை எழுதினவன்மேல் அதைவிடக் கோபம். ஆனால் பயம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டது.

அச்சகத்துக்கு போன் செய்தேன். ஆர்டர் கொடுத்தவர் சொன்னால்தான் மாற்றுவோம் என்றார்கள். அவளிடம் செல்போன் கிடையாது. எந்த நாள் எந்த ஊர் என்பது எனக்கு மனப்பாடம், அறிவிப்பை எழுதியதே நான்தானே. வெள்ளிக்கிழமை பாடுகிற இடத்துக்குக் கூப்பிட்டேன். இரைச்சலுக்கு நடுவே ஒருவன் எடுத்தான். என் பெயரைச் சொன்னேன், எழுத்துக் கூட்டிச் சொன்னேன், சரி சரி என்று வைத்துவிட்டான். அவள் கூப்பிடவில்லை. சனிக்கிழமை லபக் என்ற ஊரில் யாரும் எடுக்கவே இல்லை. கணவர் என்னைப் பார்க்காமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் அமரில்லோவில் ஒரு பார்பக்யூ கடையில் அவள் லைனுக்கு வந்தாள். அவள் குரலில் பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு, என் குரலில் நாலு வார்த்தை வரவில்லை. என் பெயரை எடுத்துவிடு, கணவருக்குப் பிடிக்கவில்லை, விசா பிரச்சினை என்று உளறினேன். விசா என்றால் அவளுக்குத் தெரிந்தது கிரெடிட் கார்டுதான். கார்டுக்கும் என் சிடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். நான் விளக்கப் போக, அது இன்னும் சிக்கலாயிற்று. பின்னால் யாரோ கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பார்ல பாடுறவளோட உன் பேர் சேர்ந்தா அவமானம். அதுதானே? நீ ஒரு தடவைகூட என் பாட்டைக் கேட்க வந்ததில்லை."

நான் பதில் சொல்வதற்குள், எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்த அன்று நானே கீழே போனேன். நான் இளகிவிடுவேனோ என்று கணவரும் பின்னாலேயே வந்தார். எச்-ஃபோர், கிரீன் கார்டு, இன்டர்வ்யூ எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெயரை எடுத்தாகிவிட்டது என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, இன்னொன்றும் இருக்கிறது என்றாள். இந்த ஒரு வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் கடைசிப் பாட்டுக்கு முன்னால் என் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறாளாம். எப்படிச் சொல்வாய் என்றேன். சொல்லிக் காட்டினாள். அவள் உச்சரிப்பில் என் பெயர் எனக்கே பிடிபடவில்லை.

நாலு நாள் கழித்து அன்றுதான் கணவர் சிரித்தார். "இதை வெச்சு ஒருத்தனாலயும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் இன்டர்வ்யூ முடியற வரைக்கும் மேடையிலயும் வேண்டாம்னு சொல்லிடு" என்றார். அதை இங்கிலீஷில் அவளிடம் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன்.

இன்டர்வ்யூவில் ஆபீசர் எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, வேறெதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார். அது பிறகு. அதற்கு முந்திய வாரம் டல்லாஸில் சிடி வெளியீடு. அவமானம் இல்லை என்று காட்டவாவது போயாக வேண்டும். கணவர் டிரைவ் செய்தார். பின் வரிசையில் உட்கார்ந்தோம். அவள் பாடினாள். நன்றாகவே பாடினாள். இத்தனை நாள் வராமல் இருந்தோமே என்று தோன்றியது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். டிரம்ஸ் வாசித்தவர், படம் எடுத்தவர், நாய்க்கு பிஸ்கட் அனுப்பியவர். கொஞ்சம் நிறுத்தினாள். நான் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா, இன்றைக்கு அவள் மறந்துவிட்டாள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த ஈமெயில் கடிதங்களை எல்லாம் எழுதுகிற பெண்ணின் பெயரை எப்போதும் சொல்வாளாம்.

கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"யார் அது?" என்று கேட்டேன்.

"தெரியலை, ஏதோ வெளிநாட்டுப் பேர்" என்றார் அந்த அம்மா. "ஆனா அவளுக்குத்தான் நாங்க ரொம்ப நேரம் கைதட்டுவோம்."