சிமெண்ட் முதலை

நான் கடலூர் செம்மண்டலத்தில் கொத்தனார். போன வருடம் மச்சானோடு ஒரு சின்ன மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். மான், மயில், குரங்கு எல்லாம் பார்த்துவிட்டு முதலைத் தொட்டிக்கு வந்தோம். இடுப்பளவு சுவர்தான். அதை ஒட்டி ஒரு முதலை வாயைத் திறந்தபடி கிடந்தது. வெகுநேரம் பார்த்தும் அசையவில்லை.

"பொம்மைடா மச்சான். கம்பி கட்டி சிமெண்டு பூசியிருக்காங்க" என்றேன்.

"நெசம் மாதிரி இருக்கே மாமா."

"முப்பது வருசமா பூசுறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப தட்டிப் பாரு மாமா. கடிச்சா அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே சுவர்மேல் கவிழ்ந்து, அதன் முதுகைத் தட்ட வலது கையை நீட்டினேன். ஒரு சாண் தூரம்தான் இருந்தது. பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அதே நேரம் முதலை திரும்பியது. வாய் மூடிய சத்தம் என் கைக்குக் கீழே கேட்டது.

இழுத்தது ஓர் அம்மா. சிதம்பரம் பக்கம் ஆற்றோரக் கிராமமாம்.

"நானும் கட்டைன்னுதாங்க நெனச்சேன். துணி தொவைக்க எறங்குனேன்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அவருக்கு வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

வேலையில் எனக்கு இன்றும் அதே தைரியம்தான். முதலையிடம் நீட்டிய அந்த வலது கையால்தான் சுவர் எழுப்புகிறேன். அன்று அவரைக் கும்பிட நினைத்தேன். அவர் முன்னால் இரண்டு கைகளையும் சேர்க்கக் கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் தாழ்த்தினேன்.