ஆடியில் விற்ற தீட்டுக்கல்

கூரான கத்திதான் கையை வெட்டும் என்று மனித குலம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இதைத் திருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையை வெட்டுவது மழுங்கிய கத்தி. அதை நாம் அழுத்துகிறோம்; அது தக்காளித் தோலில் வழுக்கி விரலைத் தேடி வருகிறது. தக்காளியை நறுக்குவதாகச் சொல்லி நசுக்கிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, பாத்திரக் கடைக்காரன் சொல்கிறேன், நம்புங்கள். குக்கர் கேஸ்கட் வாங்க வருகிறவர்களிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

சொன்னதோடு நிற்காமல் ஒரு பெட்டி தீட்டுக்கல்லும் வரவழைத்தேன். கோவையில் இருக்கும் எங்கள் கடையில் கல்லாவைக் கவனிப்பது என் மனைவி சுமதி. கண்ணுக்கு நேராக இருந்த இட்லிப் பானைகளை இறக்கிவிட்டு அங்கே நான் கல்லை அடுக்கியதைப் பார்த்துக் கெடு வைத்தாள்.

"ஆடி முடியறதுக்குள்ள இது வித்தாகோணுமுங்க. இல்லீன்னா பானை மேல ஏறும், கல்லு உங்க தலைமாட்டுக்கு வரும்."

நானூறும் ஆறாயிரமும்

தீட்டுக்கல்லுக்கு நம்பர் உண்டு. நம்பர் சின்னதானால் சொரசொரப்பு, பெரியதானால் நைஸ், உப்புத்தாள் மாதிரிதான். புதிதாகத் தீட்டுகிறவருக்கு ஆயிரம் போதும். கத்தி அடியோடு மொண்ணையாகியிருந்தால் முதலில் நானூறில் தேய்க்க வேண்டும். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் தன் கத்தியோடு வந்தார். அதில் எந்தப் பக்கம் வெட்டும் பக்கம் என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சற்று நேரம் ஆனது. விவரமெல்லாம் விளக்கி நானூறை நீட்டினேன். அவர் பார்வை ஆறாயிரத்தை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க, என்னையப் பாத்தா நானூறு நம்பர்க்காரனாட்டமா தெரியுது?"

கொத்தின கல்

சிங்காநல்லூர் அக்கா ஒருவர் ஆயிரம் நம்பர் வாங்கிப் போனார். தண்ணீரில் ஊற வைப்பது, கத்தியைப் பிடிக்கும் சாய்வு எல்லாம் பாடமாக நடத்தினேன். கல் வழவழத்துப் போனால் அதையும் கவனிக்க வேண்டும் என்றேன். எப்படிக் கவனிப்பது என்று சொல்வதற்கு முன்பே, கல்லின் வரலாற்றுக்குள் போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் கோபமாகத் திரும்பி வந்தார். துணிப்பையிலிருந்து எடுத்த கல்லில் அம்மை போட்ட முகம் மாதிரி வரிசை வரிசையாகக் குழிகள்.

"வழவழன்னு ஆச்சுங்க, அம்மி கொத்தறவர்கிட்டக் குடுத்தேன். இத்தனூண்டு அம்மில என்னத்தைங்க அரைக்கறீங்கன்னு அவரே கேட்டுப்போட்டாரு."

எங்கள் வீட்டுக் கத்தி

அதற்குப் பிறகு வந்தவர்கள் உஷாராகிவிட்டார்கள். என் பிரசங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, கல்லாப் பக்கம் திரும்பி "உங்க ஊட்டுலயும் இதுதானுங்களா?" என்பார்கள். சுமதிக்குப் பொய் வராது.

"எங்க ஊட்டுக் கத்தி வாழப்பழத்துக்கே மூச்சு வாங்குமுங்க."

கட்டைவிரல்

ஆடி பாதி போய்விட்டது; பெட்டி பாதிகூடப் போகவில்லை. வேறு வழியில்லாமல், ஊருக்குச் சொன்னதை வீட்டில் செய்து பார்த்தேன். நானூறில் தேய்த்து, ஆயிரத்தில் முடித்து, செய்தித்தாளின் ஓரத்தைச் சீவினேன். சத்தமே இல்லாமல் சீவியது. நானே கொஞ்சம் மிரண்டுபோனேன்.

மறுநாள் காலை சுமதி தக்காளியை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எவ்வளவு அழுத்தி வந்தாளோ அவ்வளவும் அழுத்தினாள். கத்தி தக்காளியைக் கடந்து கட்டைவிரலுக்குப் போய்விட்டது. நல்லவேளை, மேல் தோலோடு நின்றது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே, உண்மையில் கையை வெட்டுவது எது என்று தொடங்கினேன். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

அன்று கடையில் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பதி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெசமாலுமே கூரு வருமுங்களா?" என்று கல்லாவைப் பார்த்துக் கேட்டார்கள். சுமதி பிளாஸ்திரி ஒட்டிய விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"வருமுங்க. நேத்துத்தான் தீட்டுனாரு."

ஆடி முடிவதற்குள் பெட்டி காலியாகிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது காய் நறுக்குவது நான்.